மூன்று ஞாயிறும் ஒரு பன்னீர்க் குப்பியும்

குளச்சலில் என் படகு எஞ்சின் பட்டறைக்கு மேலேதான் வீடு. அங்கே கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு பன்னீர்க் குப்பி இருக்கிறது. கழுத்துவரை நிறைந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி அதில் நான் பேனாவால் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த அத்தான் அப்படித் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஓமான் நாட்டில் ஒரு கம்பெனிக்கு மலை ஏறும் ஜீப் ஓட்டினார். லீவில் வந்தால் எங்கள் தெருவே அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடும், அப்படிப் பேசுவார். எனக்கு அவர்மேல் அண்ணனைவிட மேலான பிரியம். அவருடைய தங்கையின்மேல் எனக்கிருந்த பிரியமோ இரண்டு வீட்டாருக்கும் தெரிந்த ரகசியம். 2008 கிறிஸ்துமஸில், அவளும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அத்தான் என் தோளில் தட்டிச் சொன்னார்: "இவ ஒனக்குத்தாம்ல மக்கா. நான் இருக்கேன்லா?" அந்த ஒற்றை வார்த்தையை நம்பி நான் நாலு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அடுத்த ஈஸ்டர் முடிந்த கையோடு அவரிடமிருந்து ஒரு மாத விசிட் விசா வந்தது. முதலில் நாட்டைச் சுற்றிப் பார், வேலை தானாக அமையும், வேலையோடு ஊருக்குப் போனால் கல்யாணப் பேச்சு எடுக்கச் சுலபம் என்றார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். மலை என்றால் அதுவரை கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வந்ததுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியனுப்ப வந்த அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோயிலில் ஒரு கல்யாணம் நடப்பதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று. முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் கொட்டாவி விடுவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தே ஒருவர் எழுந்து, "அந்தப் பெண்ணை எனக்குச் சொல்லி வைத்திருக்கிறது" என்றதில் ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. சாமியார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். ஆள் அங்கே இருந்து வாயைத் திறந்தால்தான் அந்த மூன்று ஞாயிறுக்கும் அர்த்தம்.

முதல் ஞாயிறு நாங்கள் ஜெபல் ஷம்ஸ் என்ற மலையில் இருந்தோம். ஜீப் போய் நின்ற இடத்துக்கு அப்பால் தரையே இல்லை. பூமி பிளந்து ஆழத்துக்கு இறங்கியது. அடியில் பேரீச்சந்தோப்பு கையகலம் தெரிந்தது. நான் இரண்டடி பின்வாங்கினேன். அத்தான் என் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பயப்படாம எட்டிப் பாருல, நான் புடிச்சிருக்கேன்" என்றார். பிடித்திருந்தார், அதில் பொய்யில்லை. இறங்கும் வழியில் நிஸ்வாவில் ஒரு வாய்க்கால் பார்த்தோம். மலையின் அடிவயிற்றிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர், எங்கள் நாஞ்சில் நாட்டுச் சானல் மாதிரியே முறைவைத்துத் தோப்புகளுக்குப் பிரிந்து போனது. நான் காலை நனைத்துக்கொண்டு, இதை அவளுக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்றேன். அத்தான் ஜீப்பின் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டாம் ஞாயிறு ஜெபல் அக்தர். பச்சை மலை. படிப்படியாக வெட்டிய வயல்களில் நெல்லுக்குப் பதில் ரோஜா. ஒரு வீட்டின் கரிபிடித்த அறையில் மண் அடுப்புகளின்மேல் பானைகளை வைத்து, பூவைக் கொதிக்கவிட்டுப் பன்னீர் இறக்கிக்கொண்டிருந்தார் ஒரு கிழவர். அதில் ரோஜா வாசனையோடு விறகுப் புகையும் கலந்திருந்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வாசலில் நின்று தெளிக்கிற கடைப் பன்னீர் இதன் பக்கத்தில் நிற்காது. நான் இரண்டு குப்பி வாங்கினேன். ஒன்றின்மேல் தாள் ஒட்டி 'உனக்கு' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். மற்றதில் 'நம்ம கல்யாணத்துக்கு' என்று எழுதினேன். மறுநாள் அத்தானின் நண்பர் ஒருவர் ஊருக்கு விமானம் ஏறுவதாக இருந்தார். முதல் குப்பியை அவர் மூலம் அவளிடம் சேர்க்கும்படி அத்தானிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த நாட்களில் அக்கா வீட்டுக்கு நான் போன் செய்தபோதெல்லாம் அத்தானின் தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள், இல்லையென்றால் குளித்துக்கொண்டிருந்தாள். அக்காதான் பேசினாள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இன்னொன்றையாவது நான் கவனித்திருக்க வேண்டும். ஓமானில் அன்றைக்கு வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும். அத்தானுக்கு ஓய்வு நாள் வெள்ளி. நம் ஆட்கள் பூசை காண்பதும் வெள்ளியில்தான். அப்படியிருக்க, இவர் மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக லீவு சொல்லி என்னை போன் எடுக்காத மலைகளுக்குக் கூட்டிப்போனார். என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். நானோ அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையழகை வியந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறுக்குத் தெற்கே சலாலா. ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் ஓட்டினார். மறுநாள் காலை கண் விழித்துப் பார்த்தால் தென்னை, வாழை, பப்பாளி, சாலையோரத்தில் இளநீர்க் கடை வரிசை, பின்னால் நீளமாக ஒரு மலை. ஆயிரம் கிலோமீட்டர் மணலைத் தாண்டி யாரோ எங்கள் ஊரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அத்தான் அறையில் குளித்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் இறங்கி ஒரு கடைக்குப் போனேன். இளநீர் வெட்டியவர் என் பேச்சைக் கேட்டதும் அரிவாளை நிறுத்தினார். எங்கள் கோயில் பங்குக்காரர்தான், பக்கத்துத் தெரு. யார் வீட்டுப் பையன் என்று விசாரித்துவிட்டு, "ஒனக்க அத்தானுக்க தங்கச்சிக்குக் கல்யாணம்லா? நீ என்ன மக்கா இங்க நிக்கிய?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டு ஓலை வாசிச்சாச்சாம். இன்னைக்கு மூணாவது. மாப்பிள கப்பல்ல வேலையாம். வியாழக்கிழம கெட்டு. எனக்க பெண்டாட்டி போன்ல சொன்னா."

கடையில் தொங்கிய கடிகாரத்தில் எட்டரை. ஊரில் அப்போது மணி பத்து. பூசை முடிந்து, மூன்றாம் ஓலையும் வாசித்து, சனங்கள் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்தேன். கடைக்காரர் சொன்னதைச் சொல்லி, கோயில் சாமியாருடைய நம்பரைக் கேட்டேன். பதறி, இல்லவே இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அழ மட்டும் செய்தாள். "அக்காவ வாழ விடு மக்கா. நீ தடை சொன்னா அவள இங்க கொண்டாந்து விட்டுருவாவளாம்." அப்போதுதான் அக்கா பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்ததன் பொருள் புரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் பெற்றவள் உட்பட எல்லோரும் சேர்ந்து என்னை மலை பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நான் சாமியாருக்கு போன் செய்யவில்லை. அன்றைக்கு அது அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். கால் உடைந்தவன் மாதிரி ஆகிவிட்டிருந்தேன் என்பதும் உண்மை.

அத்தான் தலையைத் துவட்டியபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்க அம்மை ஒத்தக்கால்ல நிக்கியா. நான் என்ன செய்யட்டும்? ஒன்ன அங்க வச்சிக்கிட்டு ஒனக்க முன்னாடியே இதச் செய்ய எனக்கு மனசு வரல்லல மக்கா" என்றார். தான் செய்ததைக் கருணை என்றே அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. அடித்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். இந்த மனிதர் வழி முழுக்க எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டல்லவா வந்தார்.

வேலை அமையவில்லை. ஒரு மாதம் முடிந்து திரும்பினேன். அவள் கப்பல்காரனோடு தக்கலைப் பக்கம் குடிபோயிருந்தாள். ஏழு வருடம் நாங்கள் நேரில் பார்க்கவில்லை. குடும்ப விசேஷங்களில் ஒருவர் வந்தால் மற்றவர் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் தக்கலை தாலுகா ஆபீஸில், சான்றிதழுக்காக நின்ற வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சாதிச் சான்றிதழ். முதலில் பொதுவாகப் பேசினோம். வரிசை நகர்ந்தது. திடீரென்று அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மொத ரெண்டு ஓலையும் வாசிக்கும்போ ஆம்பளைய பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தேன், கேட்டியா. நீ எப்பிடியாவது வந்து எந்திரிப்பன்னு."

நான் நடந்ததைச் சொன்னேன். ஓலை வாசித்தது மலையிலிருந்த எனக்குத் தெரியாது என்றேன். சலாலாவில் வைத்துத்தான் தெரியும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஒனக்கு எல்லாம் தெரியும், விசா கெடச்சா போதும்னு நீ சம்மதிச்சிட்டன்னு அண்ணன் போன்ல சொன்னான். நான் நம்பல்ல. ரெண்டாம் ஓலைக்குப் பொறவு நீ அந்தப் பன்னீர அனுப்புன. ஒனக்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குப் பரிசுன்னு குடுத்தாவ. அதப் பாத்த பொறவுதான் சரின்னு தலையாட்டுனேன்."

வரிசையில் ஓர் அடி நகர்ந்து, "வாசல்ல அதத்தான் தெளிச்சாவ. என்ன இது, புகை நாறுதுன்னு எல்லாரும் கேட்டாவ" என்றாள். அவளுடைய முறை வந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் அத்தானிடம் எதுவும் கேட்கவில்லை. அக்கா இருக்கிறாள், அவள் பிள்ளைகள் என்னை மாமா என்று வந்து கட்டிக்கொள்கின்றன. போன கிறிஸ்துமஸுக்கு அவர் ஓமானை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஜெபல் அக்தர்லா இது! லேய், அந்த ஒரு மாசம் நாம எவ்வளவு எடம் பாத்தோம். நல்ல நாளு, இல்லியா மக்கா?"

நல்ல நாட்கள்தான். அந்தப் பிளவும் வாய்க்காலும் ரோஜாப் படிகளும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அவற்றை நான் வெறுக்கவும் முடியாதபடி செய்துவிட்டார்.

"அத்தான், மத்த குப்பிய என்ன சொல்லி அவகிட்ட குடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அத்தான் கையிலிருந்த குப்பியைத் திருப்பினார். தாளில் இருந்த இரண்டு சொற்களில் முதலாவதை உதடு அசையப் படித்தார், இரண்டாவதற்கு வாய் வரவில்லை. அடுக்களையிலிருந்து அக்கா காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அத்தான் குப்பியை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். எழுத்துள்ள பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு, காப்பி குடிக்கப் போனார்.