நாலு நாள் வருஷம்

அப்பா ஆடி மாதத்தில் இறந்தார். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்க மெச்சிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. இந்தத் தீபாவளிக்குத் துணி, பட்டாசு, பலகாரம் எதுவும் இல்லை என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். பட்டாசு போனதில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்வானேன். அதைவிட, பூ இல்லாத அம்மாவின் தலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதுவும் அந்த ஒரு வருஷத்தோடு சரியாகிவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குப் பக்கத்துக் கோளரங்கத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை. ஒரே காட்சியைத் தினமும் கேட்டுக் கேட்டு அரை விஞ்ஞானி ஆகியிருந்தார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒருநாள், என்னையும் உள்ளே உட்காரவைத்தார். எங்கோ வெகுதொலைவில் இருக்கிற ஒரு நட்சத்திரத்தைக் கூரையில் காட்டினார்கள். அதை உரசுகிற மாதிரி ஒரு ராட்சதக் கிரகம் சுற்றிக்கொண்டிருந்தது. பூமிக்கு ஒரு சுற்று ஒரு வருஷம். அதற்கு நாலே நாளாம்.

அது எப்படி என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“கிட்டக்க கீதில்ல? எவ்ளோ கிட்டக்கவோ அவ்ளோ சின்ன வருஷம்” என்றார் சித்தப்பா. அங்கே பிறந்திருந்தால் எனக்கு நாலு நாளைக்கொரு பிறந்தநாள் என்றும் சொன்னார். நான் சிரிக்க வேண்டுமென்று சொன்னதுதான். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். அப்பாவுக்கு அம்மாவைவிடக் கிட்டத்தில் இருந்தவர்கள் யார்?

தீபாவளியன்று காலை அத்தையும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பூக்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கிவந்த ஒரு முழம் மல்லியை அம்மாவின் கொண்டையில் செருகிவிட்டு, அம்மாவுக்கு எப்போதோ வருஷம் முடிந்துவிட்டது என்று கிரகத்தின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அத்தை பளாரென்று அறைந்தாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அந்தக் கணக்குல உங்கப்பா போயி எத்தினி வருஷம் ஆவுது?” என்று கேட்டாள்.

எண்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அழுதுகொண்டே நாலால் வகுத்து, இருபத்திரண்டு என்றேன்.

அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

“அப்போ எனுக்கு அம்பது” என்றாள். பூவை என் பின்னலில் வைத்துவிட்டாள். “கரீட்டாதான் கீது.”

அதைக் கேட்டு அத்தை அழ ஆரம்பித்தாள். அறை வாங்கியது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் கணக்கு சரியென்று அம்மாவே சொல்லிவிட்ட பெருமையில், ஒவ்வொரு மாடியாக இறங்கி, பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் எங்கள் அம்மாவுக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனேன்.