குதிரை டாக்டரின் சந்தேகம்

ஒரே குதிரையின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றில் 'பிஜ்லி' என்றும் மற்றதில் உலகத்திலேயே இல்லாத ஒரு குதிரையின் பெயரையும் எழுதுகிறார் டாக்டர் வாலாம்பாள். எது எதுவென்று சக டாக்டர் ஆஸியாவுக்குக்கூடச் சொல்வதில்லை. "நோக்குத் தெரிஞ்சா, உன் மூஞ்சியே மிஷினுக்குக் காட்டிக்குடுத்துடும்."

செம்பூரில் குதிரைகளுக்கான சின்ன மருத்துவமனை அது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைகள்தாம் அங்கே அதிகம் வரும். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். அதை அங்கேயே அளந்து சொல்லும் மிஷின் ஒன்றைக் கம்பெனிக்காரர் பரீட்சைக்கு விட்டுப் போயிருந்தார். வாலாம்பாள் அதை, புதிதாக வேலைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யாரையும் அப்படித்தான் பார்ப்பார். மாட்டுங்காவில் வீடு. கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடி அரைத்து முடிக்கும்வரை கடைக்காரரின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சிக்கரி விழுந்துவிடுமாம்.

பிஜ்லி, தாராவி செல்லப்பாண்டியின் வெள்ளைக் குதிரை. காய்ச்சல் இல்லை, தீனி குறையவில்லை. நோயில்லாத குதிரைக்கு மிஷின் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் அதன் ரத்தத்தை எடுத்தார். எண் எகிறியது. பொய்ப்பெயர்க் குழாயும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

"பயமுறுத்தி விக்கறதுக்குன்னே பண்ணியிருக்கான்," என்று சொல்லி அதே ரத்தத்தை வெளியே பெரிய லேபுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் அதே செய்தி வந்தது.

மிஷின்மேல் இருந்த சந்தேகம் செல்லப்பாண்டியின்மேல் இறங்கியது. கல்யாண சீசன், காய்ச்சல் தெரியாமலிருக்க வலி மருந்து கொடுத்திருப்பார் என்று நினைத்தார்.

"நேக்கு நிஜத்தைச் சொல்லுங்கோ. தீனியிலே என்ன கலந்தேள்?"

செல்லப்பாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கொள்ளும் புல்லும்தாம்மா. வேற ஒண்ணும் குடுக்கல. நம்பலேன்னா தபேலாவுல வந்து பாத்துக்கிடுங்க."

வேறு யாராக இருந்தாலும் கூசியிருப்பார்கள். வாலாம்பாள் போனார். தபேலா என்ற அந்தக் குதிரை லாயத்தில் தீனித்தொட்டியை முகர்ந்தார், சாக்குகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. செல்லப்பாண்டி ஒவ்வொரு சாக்காகத் திரும்ப அடுக்கினார்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சுவரில் மாட்டிய தொட்டியில் நன்றாகத் தின்ற பிஜ்லி, தரையில் சிந்திய புல்லுக்குத் தலையைத் தாழ்த்தவில்லை. பாதி குனிந்து நிமிர்ந்துகொண்டது. வாலாம்பாள் பிடரிமயிரை விலக்கிக் கழுத்தைத் தடவினார். உள்ளே கல்போல ஒரு வீக்கம், சூடாக. குதிரை சிலிர்த்து விலகியது.

"இங்க என்ன அடிபட்டுது?" என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். போன வாரம் தனுர்வாத ஊசி போட்ட இடம் அது. போட்டது அவரேதான்.

"சீழ் கோத்திருக்கு. என் ஊசிதான்," என்றார்.

செல்லப்பாண்டி குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். "நான்னு நெனச்சியளே," என்றார்.

ஒத்தடம் கொடுத்துப் பழுக்கவைத்து, கீறிச் சீழை எடுத்தார்கள். அந்த சீசன் ஊர்வலங்கள் எல்லாம் வேறு குதிரைகளுக்குப் போயின. புண் ஆற ஆற எண்ணும் இறங்கியது. அதையும் இரண்டிரண்டு குழாயாகவே பார்த்தார். மிஷினை எடுத்துப்போகலாமா என்று கம்பெனிக்காரர் வந்து கேட்டபோது, "இருக்கட்டும். அது எங்கிட்ட இதுவரைக்கும் பொய் சொல்லலை," என்றார்.

பிஜ்லி மறுபடி ஊர்வலம் போகத் தொடங்கியபின், வேறொரு ஊசிக்காகச் செல்லப்பாண்டி அதை அழைத்து வந்த அன்று, மருத்துவமனையில் உதவிக்கு இருக்கும் நானும் அங்கிருந்தேன். வாலாம்பாள் குதிரையின் கழுத்தில் மயிரைக் கத்தரித்து, இடத்தை இருமுறை துடைத்தார். பிறகு மருந்துக் குப்பியையும் உறை பிரிக்காத ஊசியையும் உள்ளங்கையில் வைத்துச் செல்லப்பாண்டியின் முன் நீட்டினார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தலையசைக்கும்வரை அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.