ஷாஃப்டில் மாட்டிய முடி

பெங்களூர் போகும் ரயில் மாலூரை நெருங்கும்போது மகளிடமிருந்து செய்தி வந்தது. "ஷாஃப்ட்ல முடி மாட்டிகிச்சிப்பா. பயப்படாத. அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

எங்கள் தங்க வயலில் ஷாஃப்ட் என்றால் பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழி. என் அப்பா இறங்கி ஏறியது அதில்தான். மூடிக் கிடக்கும் குழிகளின் பக்கம் போகாதே என்று சொல்லிச் சொல்லித்தான் இவளை வளர்த்தேன். திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை. மாலூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறினேன். குழிக்குள் மாட்டிக்கொண்டவள் எப்படிச் செய்தி அனுப்புவாள் என்ற கேள்வி பங்காரப்பேட்டை வரை எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் பட்டதாரி.

சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். இடது காதுக்கு மேல் ஒரு பிடி முடியைக் காணோம். அதைக் கத்தரித்துக்கொண்டு இருந்ததால்தான் போனை எடுக்கவில்லையாம். மோட்டாரிலிருந்து பாம்பு போலத் தொங்கும் ஒரு குழாய், அதன் முனையில் பேனா மாதிரி சுழலும் பிடி. அதை வைத்துத்தான் வெள்ளித் தோடுகளுக்கு மெருகு போடுகிறாள். அவள் வேலை பழகிய பெங்களூர்ப் பட்டறையில் அதற்கும் ஷாஃப்ட் என்றுதான் பெயராம்.

பயம் கோபமாக மாறியது. மோட்டாரைத் தூக்கிப் போடு என்றேன். அடுத்த வாரம் பெங்களூரில் கைவினைச் சந்தை, அவளுக்குக் கிடைத்திருக்கும் முதல் கடை. கையால் செய்ததை மட்டும்தான் அங்கே விற்கலாம். மோட்டார் ஓடினால் அது கைவேலையே இல்லை, கடையும் போய்விடும் என்று அழுத்திச் சொன்னேன்.

"கம்பிய நசுக்க ஒரு உருளை கீதே, அது இன்னா?"

"அத நீ கையால சுத்துற."

"இதயும் கையாலதான் புடிக்கிறேன்."

மார்க்கெட்டிலிருந்து திரும்பி, விஷயத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்ட என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு நேத்து திட்டுனது மிக்ஸியவா, என்னையா?"

மகள் உடனே சந்தை நடத்தும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கூடாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம், சொல்லிவிட்டால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இன்னொரு மனம். அச்சில் வார்த்து ஒரே மாதிரி எடுத்தால்தான் தப்பு, கையில் பிடித்துச் செய்யும் மோட்டார் பரவாயில்லை என்றாராம் அவர். ஆனால் கடையிலேயே உட்கார்ந்து, ஜனங்கள் பார்க்கச் செய்து காட்ட வேண்டுமாம்.

ஆக, மோட்டாரும் எங்களோடு ரயில் ஏறியது.

சந்தையன்று அவள் கூந்தலை என் மனைவி கொண்டை போட்டு, ஊசி குத்தி, மேலே துணியும் கட்டி அனுப்பியிருந்தாள். நான் சுவிட்சு பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் குனிந்தாலும் அணைத்துவிடுவேன்.

"அப்பா, போடுப்பா. மானம் போவுது."

போட்டேன். அப்போது ஒரு பெண்மணி தோடுகளைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், இது கைவேலைதானா என்று தமிழில் என்னைக் கேட்டார். மகள் நிமிரவில்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கைவேலைதாம்மா. பொண்ணு மூஞ்ச எவ்ளோ கிட்ட கொண்டுபோவுது பாருங்க," என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்தேன்.