அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருடம் சரியாக நினைவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த வருடம்தான் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். சும்மா துணி போட்டு மூடி வைப்பானேன் என்று, வாரம் ஒரு நாள் பிள்ளைகளை அதில் கட்டுரை அடிக்க வைத்தேன். எந்த எழுத்துக்கு எந்த பட்டன் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். காய் வாங்கப் போனால் காயைப் பார்க்க மாட்டேன், தராசு முள்ளைத்தான் பார்ப்பேன். வகுப்பிலும் அப்படித்தான். இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதியிருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வகுப்பில் முருங்கை விவசாயி ஒருவரின் மகள் இருந்தாள். ஏழாம் வகுப்பிலும் நான்தான் அவளுக்குத் தமிழ் டீச்சர். வாய் திறக்காத பிள்ளை. நோட்டில் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ஐந்து வரி, ஆறு வரி, அவ்வளவுதான். ஆனால் முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல்கூட இருக்காது. மேலதிகாரிகள் வந்தால் நான் எடுத்து நீட்டுவது அந்த நோட்டைத்தான்.

அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் 'எங்கள் ஊர் மார்க்கெட்' என்று ஒரு முழுப்பக்கம் அடித்திருந்தாள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எங்கள் முருங்கைக்காய்க் கட்டை நாளை கேரளாவில் யாரோ ஒரு அம்மா அவிழ்ப்பார். அந்த முடிச்சைப் போட்டது நான் என்று அவருக்குத் தெரியாது' என்று ஒரு இடம். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. பொறாமையும் சேர்ந்துகொண்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது. இது இவள் எழுதியதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கட்டுரைப் புத்தகங்களைப் புரட்டினேன். நூலகத்தில் பழைய வாரப் பத்திரிகைகளைக் குடைந்தேன். எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் குறைய வேண்டாமா? கூடியது. வெளியில் யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, அப்பாவை அழைத்து வரச் சொன்னேன்.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே அவளிடம் நோட்டைக் கொடுத்து, புதிதாக ஒரு தலைப்பில் எழுதச் சொன்னேன். வழக்கம்போல ஐந்தே வரி. சுத்தமாக, அழகாக. பார்த்தீர்களா என்பதுபோல அவர் பக்கம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைத்தான் படித்தார்.

"திருட்டுத்தனம் பண்ற புள்ளைக்குப் படிப்பு எதுக்குங்க டீச்சர்? மில்லுல இருந்து ஆள் கேட்டு வந்துட்டேதான் இருக்காங்க. இந்த வாரமே அனுப்பிடறனுங்க."

பதிமூன்று வயதுப் பிள்ளையை நூல் மில் வேலைக்கு அனுப்பவா நான் இவரைக் கூப்பிட்டேன்? ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் பேசினாள்.

"கம்ப்யூட்டர்ல எழுதிக் காட்டட்டுங்களா டீச்சர்?"

இதில் என்ன தந்திரமோ என்று நினைத்தேன். டிராயரில் இருந்த பிளாப்பிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அவள் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். 'இன்று காலை பள்ளிக்கு வந்த வழி' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். வெகு நேரம் ஒரு எழுத்தும் விழவில்லை.

"டீச்சர், செத்த தள்ளி நிக்கறீங்களா?"

சரிதான், குட்டு வெளிப்படப் போகிறது என்று ஜன்னல் பக்கம் போய் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். ஒரே வரியை ஏழெட்டுத் தடவை அழித்து அழித்து எழுதினாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் எழுந்ததும் போய், அவள் அப்பாவுக்காக உரக்கப் படித்தேன்.

'அப்பா சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னால் நான் வருகிறேனா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் சத்தம் மட்டும்தான் எங்கள் இருவருக்கும் பேச்சாக இருந்தது.'

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "திரும்பிப் பாக்கலீன்னு எழுதிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

நோட்டில் ஏன் இப்படி எழுதவில்லை என்று கேட்டேன். "நோட்டுல அடிச்சா மார்க்குப் போயிருமுங்களே டீச்சர். அதனால, அடிக்க வேண்டி வராததை மட்டும் எழுதுவனுங்க" என்றாள்.

ஒரு அடித்தலுக்கு அரை மதிப்பெண் குறைப்பு. அது நான் போட்ட சட்டம். சுத்தமான நோட்டு வேண்டும் என்பதற்காகப் போட்டது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையின் வாயைப் பூட்டி வைத்திருந்தவள் நான்தான்.

மில்லுக்கு அனுப்பக் கூடாது என்று அவள் அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அவரும் அனுப்பவில்லை. அடுத்த வகுப்பிலேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் 'தப்பு என் பேரில்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

சந்தேக புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அடித்தல் ஒன்றுகூட இல்லாத நோட்டு கைக்கு வந்தால், இந்தப் பிள்ளை எதையெல்லாம் எனக்குப் பயந்து எழுதாமல் விட்டதோ என்றுதான் இப்போது சந்தேகம் வருகிறது.