சாலைக்கு அந்தப் பக்கம்

"அக்கா, உங்க பால்கனியில சிவப்புத் துண்டு! மாமாவுக்கு உங்கள பாக்காம இருக்க முடியலையாம்," என்று சிரித்தாள் கூட வேலை செய்பவள்.

நோயாளிக் கணவன், தனக்கு மூச்சு முட்டினால் மட்டுமே துண்டு போடுவதாகப் பேச்சு. உலர்த்த எடுத்த படுக்கை விரிப்பைப் போட்டுவிட்டு, லாட்ஜின் மொட்டைமாடியிலிருந்து அவள் இறங்கி ஓடினாள்.

வீடு நேர் எதிரே. முன்பு ஐந்து நிமிட நடை. மதியம் போய் அவனோடு சாப்பிட்டு வருவாள். எட்டு வழிச் சாலையும் வேலியும் வந்த பிறகு, தூரத்து மேம்பாலம் வழியாக பஸ்ஸில் சுற்றிப் போக ஐம்பது நிமிடம். அதனால் அவள் மாடியிலும் அவன் பால்கனியிலுமாக, ஒருவரையொருவர் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

வேலியோரம் நின்று பார்த்தாள். அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினான்.

"உக்காருங்க! இதோ வந்துட்டேன்!"

லாரிகளின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. பஸ் நிறுத்தம் லாட்ஜுக்குப் பின்தெருவில்; அவனிடம் போக, அவனுக்கு முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் பால்கனியிலேயே சாய்ந்து கிடந்தான். உயிர் இல்லை. முகம் மேம்பாலத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு எடுத்தார்கள். கூட வேலை செய்பவள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பஸ் சுற்றி வர நேரமாகிவிட்டது என்றாள்.