ஒயர் அக்காவின் வாய்ப்பூட்டு

அந்தப் பயிற்சி மையத்தின் அரங்கில் பேச வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம். கையில் லேப்டாப் இருக்கும், ஒயர் இருக்காது. புரொஜெக்டரில் மாட்டிவிடலாம்தானே என்று கேட்டுவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். மாட்டுவது அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒயர் அக்காவின் பாடு. ஒருவருடையதில் அகல வாய், இன்னொருவருடையதில் நகம்கூட நுழையாத வாய், மூன்றாமவருடையது இரண்டிலும் சேராத புதுத் தினுசு. இதையெல்லாம் செய்கிறவர்கள் ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா என்று அவர் வயிறெரியாத நாளில்லை. ஆனாலும் பையிலிருந்து சரியான கன்வெர்ட்டரை எடுத்துச் சொருகி, வெள்ளைத் திரையில் படம் பளிச்சென்று விழும்போது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் போலவே இன்றும் அவர் மனசு ஒரு குதி குதிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குதித்த குதியே வேறு. அண்ணன் மகள் முதன்முறையாக ஒரு வாலிபால் போட்டிக்கு நேரடி வர்ணனை சொல்லப் போகிறாள். டிவி சேனலில் இல்லை, போட்டி நடத்துகிற சங்கத்தின் இணையதளத்தில். எதில் வந்தால் என்ன, வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணன் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கண் தெரியாது. மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் அவருக்குப் பார்வை போயிற்று. அதிலிருந்து டிவியில் எந்த விளையாட்டு ஓடினாலும் அவருக்குச் சொல்வது அவள்தான். அடித்தார்கள் அப்பா என்று மொட்டையாகச் சொன்னால் விடமாட்டார். யார் அடித்தது, எந்தக் கையால், பந்து எங்கே விழுந்தது என்று குடைந்தெடுப்பார். வர்ணனை சொல்ல அவள் வேறு எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. இன்று உன் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட விடமாட்டேன் என்று முந்தின நாள் போனில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் போனில் முயன்றார்கள். ஒயர் அக்காவின் போனும் சரி, அண்ணியின் போனும் சரி, அந்தத் தளத்தின் செயலி தங்களுக்குப் பொருந்தாது என்று கையை விரித்துவிட்டன. வீட்டு லேப்டாப்பைத் திறந்தார்கள். அது டிவியோடு ஒட்டி உறவாடுகிற ஜென்மம்தான். ஆனால் பிரவுசர் பழசு, புதுப்பிக்கவும் என்றது. புதுப்பிக்கப் போனால், கம்ப்யூட்டரே பழசு, புதுப்பிக்க முடியாது என்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் என்னைப் பார்த்தும் அதையே சொல்லும் என்று ஒயர் அக்கா பொருமினார்.

இப்படி ஏதாவது ஆகும் என்று பயந்துதான் மேலாளரிடம் கெஞ்சி அரங்கத்து லேப்டாப்பை வாங்கி வந்திருந்தார். அதில் தளம் சமர்த்தாகத் திறந்தது. டிவியில்தான் மாட்ட முடியவில்லை. இதற்கு நகம் நுழையாத வாய், டிவிக்கு அகல வாய். அண்ணியோ, பெரிய திரையில்தான் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பையைக் கவிழ்த்துக் கொட்டித் துழாவியதில் ஒரு கன்வெர்ட்டர் அகப்பட்டது. படத்தை மட்டும் கடத்தும், சத்தத்தைக் கடத்தாது. போகட்டும், படம் டிவியில் வரட்டும், சத்தம் லேப்டாப்பில் வரட்டும் என்று சொருகினார்.

படம் வந்தது. பச்சைச் சட்டையும் மஞ்சள் சட்டையுமாகப் பெண்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கைதட்டினார். சத்தம் மட்டும் வரவில்லை.

"அவ பேச ஆரம்பிச்சுட்டாளா?" என்று அண்ணன் கேட்டார்.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மகள் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். கண் தெரிந்த இரண்டு பேருக்கு முழுப் படம். அந்தக் குரலுக்காகவே காத்திருந்த மனிதருக்கு ஒன்றுமே இல்லை. ஒயர் அக்கா சத்தத்தை முழுசாகக் கூட்டினார். தளத்தை மூடித் திறந்தார். லேப்டாப்பையே அணைத்துப் போட்டார். அதற்குள் முதல் செட் கையை விட்டுப் போயிற்று. நீங்களாவது சொல்லுங்கள் என்று அண்ணியைக் கேட்டுக்கொண்டார். பச்சை அடிக்கிறது, மஞ்சளும் அடிக்கிறது, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அண்ணி வர்ணித்தார். அண்ணன் சிரித்தார். ஆனாலும் அவர் முகம் வாடிவிட்டது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே எழுந்து தடவித் தடவி வந்தார். லேசாகவாவது கேட்காதா என்று லேப்டாப்பின் ஓரத்தில் காதை வைத்தார்.

"என்னமோ காதுல குத்துதே" என்றார்.

ஒயர் அக்கா குனிந்து பார்த்தார். கறுப்பு லேப்டாப்பின் விளிம்பில் கறுப்பாக ஒரு குட்டை முனை. அவருடைய கைவேலைதான். பேச்சாளர் உருகி உருகிப் பேசும் நேரம் பார்த்து லேப்டாப் டிங் டிங் என்று கூவி மானத்தை வாங்கும். அதற்காக ஒரு பழைய ஹெட்போனின் ஒயரை வெட்டிப் போட்டுவிட்டு முனையை மட்டும் வைத்திருந்தார். அதைச் சொருகினால், ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று நம்பி லேப்டாப் வாயை மூடிக்கொள்ளும். வாய்ப்பூட்டு என்று பெயரும் அவரே வைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பூட்டியதைத் திறக்கத்தான் மறந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு பிடுங்கினார்.

ஏற்கெனவே முழுசாகக் கூட்டி வைத்த சத்தம். மகளின் குரல் வீட்டையே ஒரு உலுக்கு உலுக்கியது. வலது கையைப் பின்னால் இழுக்கிறார், பந்து நெட்டுக்கு ஒரு சாண் மேலே, அடித்தாயிற்று, மஞ்சள் அணியின் இடது மூலையில் கோட்டுக்கு உள்ளே. கூட இருந்த வர்ணனையாளர், இதையெல்லாம் ரசிகர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சிரித்தார்.

"பாக்காம கேக்குறவங்களும் இருக்காங்க சார்" என்றாள் மகள். சொன்ன கையோடு அடுத்த சர்வுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் அசையவில்லை. ஆட்டம் கடைசி செட்டுக்குப் போயிற்று. நம்மூர்ப் பச்சை அணி ஒரு புள்ளி முன்னால், இன்னும் ஒன்று எடுத்தால் வெற்றி. பந்து தரையைத் தொடாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. ஒயர் அக்கா அண்ணியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். மகள் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பச்சைச் சட்டைப் பெண் ஒருத்தி எழும்பினாள். மகளின் குரல் ஒரு கணம் நின்றது.

அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்று கத்தினார். டிவியில் பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது.

விழுந்தது. கோட்டுக்கு உள்ளேதான். லேப்டாப்பில் மகள் அலறினாள், இங்கே அண்ணி அலறினார். ஒயர் அக்கா மட்டும் அண்ணனையே பார்த்தபடி நின்றார்.

"உனக்கு எப்படிண்ணா முன்னாடியே தெரிஞ்சுது?"

"மூச்சை இழுத்தாளே, உனக்குக் கேக்கலையா?" என்றார் அண்ணன். "சின்ன வயசுலேருந்து அப்படித்தான். எனக்கு நல்லது ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா."