செத்தவீட்டில் சொன்ன விலை

மகேசன் கார் பார்க்கப் போனால் ஒரு காந்தமும், ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும், மண்ணில் விரித்துப் படுக்க ஒரு சாக்கும் கொண்டுபோவார். ஐம்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மவுண்ட் ரோஸ்கில்லில் இன்னொருவருடைய கராஜில் பத்தொன்பது வருசமாக நசிந்த கார்களைத் தட்டி நிமிர்த்துகிறார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தமிழ்ச்சனம் பழைய கார் வாங்குவதென்றால், "மகேசன் பாத்தவரோ?" என்று கேட்ட பிறகுதான் காசை எடுக்கும். அப்படி ஒரு பெயர். அந்தப் பெயர்தான் அவரை மாட்டிவிட்டது.

தண்டபாணி கரூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை, சான்ட்ரிங்ஹாமில் வீடு, வீட்டுக்கு மேல் வங்கிக் கடன். ஏழு வருசத்துக்கு முன்னர், ஓடாமல் கிடந்த 1973ஆம் ஆண்டு வேலியன்ட் சார்ஜர் ஒன்றை வாங்கிப் பின்வளவுக் கொட்டகையில் நிறுத்தினார். நீண்ட மூக்கு, வெட்டிவிட்ட மாதிரி வால், உள்ளே பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சின். தன் காலத்தில் வீதியை அதட்டிய கார். திருத்தி ஓட்டுவதென்பதுதான் திட்டம், ஆனால் தண்டபாணி ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. சனிக்கிழமைகளில் மகேசன் போவார். இருவரும் பொனெட்டைத் திறந்து பார்ப்பார்கள், கதைப்பார்கள், மூடுவார்கள். மகேசன் ஒருநாளும் அதன் கீழே படுத்துப் பார்த்ததில்லை. கூட்டாளியின் காரை வாங்க வந்தவன் மாதிரிக் குடைந்து பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தார்.

மார்ச் மாதம் தண்டபாணி மாரடைப்பில் போனார். செத்தவீட்டில் அவர் மனைவி ரத்னா, "இந்த வீட்டுக் கடனை எப்படிண்ணா கட்டுவேன்?" என்று மகேசனைப் பார்த்து அழுதார். மகேசனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இருந்த சனம் எல்லாம் இவருடைய வாயைப் பார்த்தது.

"அழாதையுங்கோ தங்கச்சி. பின்னுக்கு நிக்கிற அந்தக் கார் ஒண்டே நாப்பதாயிரம் டொலர் போகும்."

செத்தவீட்டில் எல்லாரும் ஏதாவது சொல்லுவதுதான். "நாங்கள் இருக்கிறம்" என்பார்கள், "பிள்ளை எங்கட பொறுப்பு" என்பார்கள். காரியம் முடிய அந்தச் சொற்களும் முடிந்துவிடும். மகேசன் தன் சொல்லையும் அந்தக் கணக்கில்தான் போட்டிருந்தார். ரத்னா அப்படிப் போடவில்லை. மற்றவர்கள் சொன்னது ஆறுதல். கார் பார்க்கிற மகேசன் சொன்னது விலை.

மூன்று மாதம் கழித்து ரத்னா மகேசனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணா, காரை வித்துடலாம்னு இருக்கேன். நீங்களே வித்துக் குடுங்க. போன மாசம் மனுகாவ்லேர்ந்து ஒருத்தர் வந்து இருபத்தஞ்சு தர்றேன்னார். கையில செக்கோட நின்னார். நாப்பது போகும்னு மகேசன் அண்ணன் சொல்லியிருக்கார்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அந்த மனிசனை இப்பவும் பிடிக்கலாமோ?"

"இல்லண்ணா. வேற கார் வாங்கிட்டாராம்."

ஞாயிறு காலை மகேசன் சாக்கோடு போனார். கதவடியில் காந்தத்தை வைத்தார். அது ஒட்டாமல் விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தது. பின் சில்லுக்கு மேலேயும் அப்படித்தான். காருக்குள் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினால் ஓட்டை வழியே கொட்டகையின் சீமெந்து தெரிந்தது. கடைசியில் கீழே படுத்து, முழுப் பாரத்தையும் தாங்குகிற பின் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. ஒரு பிடி துரு முகத்தில் கொட்டியது.

எஞ்சின் நல்லது. கியர்பெட்டி நல்லது. கண்ணாடிகள், இருக்கைகள் எல்லாம் பழையபடி இருந்தன. ஆனால் சட்டத்தை வெட்டி வெல்டிங் செய்து, அதற்குப் பொறியியலாளரிடம் சான்றிதழ் எடுத்து, எப்போதோ காலாவதியான பதிவைத் திரும்ப எடுப்பதற்குள் ஒரு மனுசனின் இரண்டு வருசமும் ஒரு வீட்டுக் காசும் போய்விடும். கீழே படுத்துப் பார்த்த எவனும் பதினாறுக்கு மேல் தரமாட்டான். மனுகாவ்காரன் படுத்துப் பார்க்காதவன். அவனும் இப்போது இல்லை.

ரத்னா கொட்டகை வாசலில் நின்றார். "எப்படிண்ணா இருக்கு?"

"நாளைக்குச் சொல்லுறன் தங்கச்சி."

அன்றைக்கு வீட்டில் மகேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி இராசமலர் கதையைப் பிடுங்கி எடுத்தார்.

"அப்ப பதினாறெண்டு உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"அவன் இருபத்தஞ்சோட வாசல்ல நிண்டவன். என்ர கதையாலதான் அவ திருப்பி அனுப்பினவ."

"செத்தவீட்டில ஆயிரம் கதைப்பினம். ஐயரும்தான் ஆத்மா சாந்தியடைஞ்சிட்டுது எண்டவர். ஆர் போய்ப் பாத்தது?"

"ஐயர் கார் பாக்கிறவர் இல்லை."

"அப்ப நாப்பதையும் தூக்கிக் குடுங்கோ. கர்ணன் எண்டு கோயில்ல பேர் எழுதுவினம்."

மகேசன் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்தது இருபத்தெட்டாயிரம். சொந்தமாக ஒரு கராஜ் போடவென்று பத்து வருசம் சேர்த்தது. இராசமலரும் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து அதில் பாதி போட்டவர்.

"நாப்பது ஒருத்தற்ற கையிலயும் இருந்ததில்லை. அது என்ர வாயிலதான் இருந்தது," என்றார். "இருபத்தஞ்சு அவவின்ர கைக்கு வந்து நிண்டது. அதைத் தட்டிவிட்டது நான். அந்தக் காசுக்கு நானே வாங்கிறதுதான் சரி."

இராசமலர் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். கழுவி வைத்தார். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "வாங்கிறதெண்டா என்னத்துக்கு அந்தக் காசு எண்டதையும் அவவுக்குச் சொல்லிப்போட்டு வாங்குங்கோ. இல்லையெண்டா நாப்பதுக் காரை இருபத்தஞ்சுக்கு அடிச்சு வாங்கினவர் எண்டுதான் ஊர் கதைக்கும்."

அடுத்த நாள் மகேசன் ரத்னாவின் குசினியில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து சொன்னார். துரு எங்கே, சட்டம் எப்படி, காரின் உண்மையான விலை பதினாறு, தான் தருவது இருபத்தைந்து, ஏன் இருபத்தைந்து. ஒன்றையும் விடவில்லை.

ரத்னா மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாப்பதுன்னு சொன்ன அன்னிக்கு நீங்க அடியில பாத்திருந்தீங்களாண்ணா?"

"இல்லை."

"பாக்காமலா சொன்னீங்க?"

"ஓம்."

"அதை நம்பி, வீட்டை விக்கலை, ஒரு வருசம் தள்ளிடுவேன்னு பேங்க்ல சொல்லிட்டு வந்தேன். நீங்க சும்மா அழாதம்மான்னு சொல்லியிருந்தாப் போதுமே. நான் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்."

பார்த்து விலை சொல்லத் தெரிந்தவனுக்குப் பாராமல் சும்மா இருக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

"பதினாறுங்கறது மட்டும் நெசமா?" என்றார் ரத்னா. "இல்ல, அதுவும் பாக்காம சொன்னதா?"

அந்தக் கேள்வி, துருவுக்குள் போன ஸ்குரூ டிரைவரைவிட ஆழமாக மகேசனைக் குத்தியது. பத்தொன்பது வருசத்தில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "பாத்துத்தான் சொல்லுறன்," என்றார்.

"சரி. இருபத்தஞ்சு குடுங்க. பாவம்னு ஒரு டாலர் கூடப் போட்டாலும் வாங்க மாட்டேன்."

வியாழக்கிழமை காரை ஏற்றப் பாரவண்டி வந்தது. சாரதி ஒரு கிழட்டு மாவோரி மனிதர், பழைய கார்களை ஏற்றி ஏற்றியே நரைத்தவர். சங்கிலி மாட்டுவதற்குக் கீழே குனிந்தார். எழும்பும்போது தலையை ஆட்டினார். எவ்வளவு கொடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரத்னா பின்வாசல் படியில் நின்றார். மகேசன் ஒளிக்கவில்லை, இருபத்தைந்து என்றார்.

கிழவர் திரும்பவும் குனிந்து பார்த்தார். சட்டத்தில் கை வைத்தார். தகரம் அவருடைய விரலோடு வந்தது. அதை நிலத்தில் போட்டுவிட்டு, பதினைந்து, மிஞ்சினால் பதினாறு என்றார், உனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

"எனக்குத் தெரியும்," என்று மகேசன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சங்கிலியை உடையாத இடமாகப் பார்த்து முன்பக்கம் மாட்டினார்.

கார் முனகிக்கொண்டு அசைந்தது. ஏழு வருசத்தில் முதல் தடவை. வளவுக் கேட் காற்றுக்கு ஆடி ஆடிக் காரின் பக்கம் வந்தது. மகேசன் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, தோளால் கதவுச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். மற்றக் கை கேட்டுக்கு எட்டவில்லை.

ரத்னா படியிலிருந்து இறங்கி வந்தார். மகேசனின் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டை இரண்டு கையாலும் மதிலோடு சாத்திப் பிடித்துக்கொண்டு, காரின் வால் வீதிக்கு வரும்வரை அப்படியே நின்றார்.